பன்னிரண்டாவது கூடு

"ரசத்துல ஒரு கல்லு உப்பு கம்மின்னு சொன்னது ஒரு குத்தமாங்க அம்மிணி?"

மாரப்பன் கேட்டார்.

செங்கமலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையில் கொட்டிக் கிடந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டி, விரிசல் விட்டதைத் தனியே போட்டுக்கொண்டிருந்தாள்.

"நிசமாவே கம்மியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

"அப்புறம்?"

"கரண்டியைக் கீழ வெச்சவதான். இன்னையோட ஒம்பது நாளாச்சு. என்ற மருமக பூங்கொடி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க. சோறு வருது, மாத்திரை வருது, சுடுதண்ணி வருது. பேச்சு மட்டும் வரலை."

"ஒம்பது நாளா?"

"இப்படியே போனா நான் கோயமுத்தூருக்கே போயிடறதுன்னு இருக்கறனுங்க."

செங்கமலம் ஒரு கூட்டை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். விரிசல் இல்லை. நல்ல பக்கம் போட்டாள்.

டல்லாஸுக்கு வெளியே, நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஒரு தெரு. செங்கமலம் சாத்தூர்க்காரி. முப்பத்தாறு வயது. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமை ஆனால் கைத்துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போய்விடுவாள். அந்த நாட்டில் போட்டிக்காரர்கள் தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்வது வழக்கம். சுட்ட கூட்டைத் தூக்கி எறிவதில்லை. பொறுக்கி வந்து, கழுவி, அச்சுக்குள் அழுத்தி எடுத்து, மறுபடி மருந்து நிரப்புவார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில்தான் அவளுடைய பட்டறை. கார் பாவம், வெயிலில் நிற்கும்.

தெருவில் அவளுக்குத் தோட்டா அக்கா என்று பெயர்.

மாரப்பனுக்கு அறுபத்து நாலு. பம்பு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் லேத்து ஓட்டியவர். மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒருநாள் நடந்து போகும்போது அந்தக் கொட்டகையில் கைப்பிடி வைத்த இயந்திரம் ஒன்றைப் பார்த்தார். உள்ளே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை எனக்குச் சொல்லிக் குடுங்க அம்மிணி," என்றார். மகள் வயசுப் பெண்ணிடம் சிஷ்யனாகச் சேர அவருக்குக் கூச்சமே இல்லை. இயந்திரம் என்று வந்துவிட்டால் அவருக்கு எல்லாரும் பெரியவர்கள்தான்.

"பூங்கொடி உங்களுக்கு என்னவெல்லாம் செஞ்சா?" என்று செங்கமலம் கேட்டாள்.

"செய்யாததைக் கேளுங்க. சித்திரையில முட்டி ஆபரேசன் ஆச்சில்லீங்க? அப்பத்தான் அவளுக்குப் பேறுகாலம் முடிஞ்சு மூணு மாசம். கொழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு எனக்குக் கட்டு மாத்தினா. கஞ்சி வெச்சா. ராத்திரிக்கு ரெண்டு வாட்டி எந்திரிச்சு வந்து பாத்தா. என்ற மகன் குறட்டை விட்டுத் தூங்குனான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எதுக்குங்க?"

"அவ்வளவும் செஞ்சதுக்கு."

மாரப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வூட்டு மனுசிக்குப் போயி யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா? அவ என்ன கடைக்காரியா? இந்த ஊருக்காரன் கதவைத் தொறந்து விட்டாலும் நன்றி, தும்முனாலும் நன்றிங்கறான். நமக்கு அதெல்லாம் எதுக்கு? கல்யாணத்தன்னிக்கே நான் சொல்லிட்டனுங்க. நீ மருமக இல்லம்மா, மகளுன்னு. ஒருக்காச் சொன்னாச் சொன்னதுதான். உள்ளுக்குள்ள இருக்குதில்லீங்க?"

"ம்," என்றாள் செங்கமலம்.

நல்ல கூடுகளை ஒரு தட்டில் அள்ளி அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு களிம்புக் குழாயை வைத்தாள்.

"இதைத் தடவி அச்சுல விட்டு எடுங்கய்யா. நான் உலை வெச்சுட்டு வந்துடறேன்."

"இதென்னங்க, புதுசா இருக்குது?"

"ஆட்டு ரோமத்துல எடுக்கிற கொழுப்பு. பித்தளைக்கு இதைவிட நல்லது கிடையாது. பால் குடுக்கிற பொம்பளைக்குப் புண்ணாச்சுன்னா ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. என் சின்னவனுக்குக் குடுத்தப்போ வாங்கினதுல மிச்சம்."

மாரப்பன் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

செங்கமலம் உள்ளே போனாள்.

கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடு சுண்டுவிரல் முனை அளவுதான் இருக்கும். ஆனால் சுட்டதும் சூட்டில் உப்பிப்போகும். உப்பின கூடு துப்பாக்கிக்குள் போகாது. எஃகு அச்சுக்குள் அழுத்தி எடுத்தால்தான் பழைய அளவுக்கு வரும்.

மாரப்பன் முதல் கூட்டுக்கு அழகாகக் களிம்பு தடவினார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அச்சின் கீழே நிறுத்திக் கைப்பிடியை இழுத்தார். வெண்ணெயாகப் போனது, வெண்ணெயாக வந்தது.

இரண்டாவதை எடுத்தார். குழாயைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் எண்ணெயை மிச்சம் பிடித்த கை அது. குழாயைத் தொடாமல் கூட்டை மட்டும் வைத்தார். இழுத்தார்.

போனது.

மூன்று, நான்கு, ஐந்து. போய்க்கொண்டே இருந்தன. ஏழாவது கொஞ்சம் முனகியது. ஒன்பதாவதற்கு எழுந்து நின்று இழுத்தார். பதினொன்று கீச்சென்று கத்தியது. இழுக்கிற கையில் தெம்பு இருக்கும்போது கத்தினால் என்ன?

பன்னிரண்டாவது உள்ளே போனது. வரவில்லை.

இரண்டு கையாலும் கைப்பிடியைத் தள்ளினார். டப்பென்று ஒரு சத்தம். கூட்டின் அடி விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வந்தது. கூடு அச்சுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

செங்கமலம் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எத்தனையாவது?"

"பன்னெண்டுங்க."

"எத்தனைக்குத் தடவினீங்க?"

மாரப்பன் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணுக்குங்க."

"ஏன்யா?"

"ஒருக்காத் தடவுனது போதுமேன்னு... அச்சுக்கு உள்ளுக்குள்ள இருக்குதில்லீங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"இட்லித் தட்டுக்கு ஒவ்வொரு ஈட்டுக்கும் எண்ணெய் தடவணும். இதுகூடத் தெரியாதா?"

"நான் இட்லி சுட்டதில்லீங்க அம்மிணி. தின்னதோட சரி."

செங்கமலம் குனிந்து அச்சைப் பார்த்தாள். அவளிடம் அந்த அளவில் இருந்தது அந்த ஒரே அச்சு. வாரக் கடைசியில் போட்டி. அவள் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் திட்டவில்லை.

திட்டியிருந்தால் மாரப்பனுக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

"டிரில்லிங் மிசின் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இருந்தது.

முதலில் அச்சின் நடுவில் இருந்த ஊசியைத் தளர்த்தி உருவி எடுத்தார். பிய்ந்த கூட்டின் அடியில் துளை போட்டார். துளைக்குள் போல்ட்டுக்கு மரை வெட்டினார். ஒரு பெரிய நட்டை வளையம் போல் மேலே வைத்து, அதன் வழியே போல்ட்டை விட்டு முறுக்கினார். கால் சுற்று. நிறுத்தினார். காது வைத்துக் கேட்டார். இன்னொரு கால் சுற்று. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கவில்லை.

இரண்டு மணி நேரம் ஆனது.

கடைசியில் பல் விழுவது மாதிரி, ஒரு சின்ன அசைவோடு கூடு வெளியே வந்தது. அச்சின் உட்புறத்தில் விளக்கு அடித்துப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை.

"நன்றிங்கய்யா," என்றாள் செங்கமலம்.

மாரப்பன் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"நான் கெடுத்ததை நானே சரி பண்ணுனேன். இதுக்கு எதுக்குங்க?"

"இருக்கட்டும். கீறல் விடாம எடுத்தீங்கல்ல. இந்தத் தெருவுல வேற யாருக்கும் வராது. நன்றி."

அவர் நட்டை மேசையில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முப்பத்தஞ்சு வருசத்துல இந்த மாதிரி எத்தனையோ எடுத்துக் குடுத்திருக்கறனுங்க. எடுத்து முடிச்சா அடுத்த வேலை வரும். அவ்வளவுதான். இப்படி ஒருத்தரும்..."

எழுந்து கிளம்பிவிட்டார். வேலைக்காக மாட்டிக்கொண்ட செங்கமலத்தின் பூப்போட்ட ஏப்ரனைக் கழற்றாமலே தெருமுனை வரைக்கும் போனார். அவள் கூப்பிடவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் பேருந்தை நிறுத்திவிட்டு அவள் வரும்போதே வாசலில் நின்றார்.

"சொல்லிட்டனுங்க அம்மிணி."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

"சமையக்கட்டு வாசல்ல நின்னு ரெண்டு கையையும் கூப்புனேன். கட்டு மாத்துனதுக்கு நன்றி, கஞ்சிக்கு நன்றி, ராத்திரி முழிச்சதுக்கு நன்றி, வந்த நாள்ல இருந்து துணி தொவைச்சதுக்கு நன்றி, தீவாளிக்கு வேட்டி எடுத்ததுக்கு நன்றி. ஒண்ணு விடலீங்க. போன வருசத்துப் பணியாரம் வரைக்கும் சொன்னேன்."

செங்கமலம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவ?"

"அழுதுட்டா. அழுதுக்கிட்டே என்ற மகனுக்குப் போன் போட்டு, 'மாமா என்னமோ மாதிரி பேசறாங்க, ஓடியாங்க'ன்னா. அவன் ஆபீசுல இருந்து பறந்து வர்றான். வந்ததும் என்ற கையைப் பிடிச்சு நாடி பாக்கறான். பிரசர் மிசினைச் சுத்தறான். 'அப்பா, நெஞ்சு வலிக்குதா? எங்ககிட்டச் சொல்லாம ஊருக்கு டிக்கெட் ஏதாச்சும் போட்டுட்டீங்களா?'ங்கறான்."

செங்கமலம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"சிரிக்காதீங்க அம்மிணி. எங்கிட்ட மட்டும் இன்னமும் பேச்சில்லை. முன்னயாச்சும் சோறு போட்டுட்டுப் பக்கத்துல நிப்பா. இப்ப வெச்சுட்டு உள்ள ஓடிடறா. பயப்படறாளாட்ட இருக்குது."

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். ஒரு கூட்டை நிறுத்தினாள். களிம்புக் குழாயை அதன் வாயில் வைத்துப் பிதுக்கினாள். கூடு நிறைந்து, வழிந்து, மேசையில் கோலம் போட்டது. அவள் நிறுத்தவில்லை.

"அய்யய்யோ, வீணாப் போகுதுங்க!" என்று மாரப்பன் கையை நீட்டினார்.

"இதுல மருந்து போடலாமா?"

"எப்படிங்க போடறது? நமுத்துப் போகுமே!"

"நமுத்த வெடியை எங்க சாத்தூர்ல என்ன செய்வோம் தெரியுமா?"

"என்னங்க பண்ணுவீங்க?"

"எப்போ வெடிக்குமோன்னு தள்ளி நின்னு பார்ப்போம்."

மாரப்பன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அரை அடி தள்ளி நின்றார்.

"நேத்து எத்தனை நாளைக்குச் சேர்த்துச் சொன்னீங்கய்யா?"

"மூணு வருசத்துக்குங்க."

அவள் ஒரு பழந்துணியை அவர் கையில் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வரை மாரப்பனுக்கு அதுதான் வேலை. உள்ளங்கையில் ஒரு மிளகு அளவு களிம்பு. அதில் ஒரு கூடு உருளும். அச்சுக்குள் போய் வரும். வந்ததும் துணியால் துடைத்து வைக்க வேண்டும். அடுத்த கூட்டுக்கு மறுபடி மிளகு அளவு.

நாற்பதாவது கூட்டில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தடவுனதை எதுக்குங்க தொடைக்கோணும்? அப்படியே இருந்தாத்தான் என்ன?"

"உள்ள போயிட்டு வந்தாச்சுல்ல?" என்றாள் செங்கமலம். "அதோட அது வேலை முடிஞ்சுது."

அவர் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. செங்கமலத்தின் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. கைப்பேசி மேசைக்கு வரக் கூடாது, ஜன்னல் கட்டையில்தான் இருக்க வேண்டும். அவர் கைப்பேசியை அங்கே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னனுங்க."

"என்ன?"

"காத்தால முட்டிக்கு சுடுதண்ணிப் பை கொண்டாந்து வெச்சா. 'இதமா இருக்குதும்மா'ன்னேன். அவ்வளவுதான். வேற வாயைத் தொறக்கலை."

"அவ?"

"திரும்பிக்கூடப் பாக்கலீங்க. போயிட்டா." அவர் பெருமூச்சு விட்டார். "கஞ்சத்தனமாச் சொன்னாலும் ஆகலை, கொட்டிச் சொன்னாலும் ஆகலை. இதுவும் ஆகலை. என்ற மகன்கிட்ட டிக்கெட்டுக்குச் சொல்லிடறதுதான். நல்ல புள்ளைங்க அது. நான் இருந்து அவளை வாட்டறதுக்கு, போயிடறது தேவலை. எனக்குத்தான் அந்தப் புள்ள கை ரசம் கெடைக்காது."

செங்கமலம் ஒரு கூட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். கைப்பிடியைக் காட்டினாள்.

அவர் மிளகு அளவு எடுத்தார். கூட்டை உருட்டினார். அச்சின் கீழ் வைத்து இழுத்தார். கூடு மேலே போனது. கீழே வந்தது.

"சத்தம் கேட்டுச்சாய்யா?"

"இல்லீங்களே."

"போச்சா, போகலையா?"

மாரப்பன் கூட்டைக் கையில் எடுத்தார். விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். உப்பலெல்லாம் வாங்கி, நேராக, பளபளவென்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் கட்டையில் கைப்பேசி அடித்தது.

அவர் இரண்டு கையும் களிம்பு. செங்கமலம் எட்டிப் பார்த்தாள். திரையில் பூங்கொடி என்று இருந்தது. அவளே பொத்தானை அழுத்தி, ஒலியைப் பெரிதாக்கி, ஜன்னல் கட்டையிலேயே விட்டாள்.

"மாமா! காத்தால வெச்ச மாத்திரை வெச்ச எடத்துலயே இருக்குது! டாக்டரு என்ன சொன்னாரு, நீங்க என்ன பண்றீங்க? முட்டியை மடக்கிக்கிட்டு அந்த ஸ்டூல்லதான உக்காந்திருக்கீங்க? இல்லைன்னு பொய் சொல்லாதீங்க, எனக்குத் தெரியும்! கொழந்தை உங்க நாற்காலியைப் பாத்துப் பாத்து அழுகுறா. அவளைத் தூக்குவனா, சோத்தைப் பாப்பனா? தோட்டா அக்கா வூட்டுலயே பந்தல் போட்டுக் குடியிருக்கலாம்னு எண்ணமா?"

மாரப்பன் எழுந்து நின்றுவிட்டார். களிம்புக் கைகள் இரண்டையும் எதன் மேலும் படாமல் அகட்டிப் பிடித்திருந்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

"மாமா? லைன்ல இருக்கீங்களா? கேக்குதா?"

செங்கமலம் அவரைப் பார்த்தாள்.

"செரியாக் கேக்கலை சாமி," என்றார் மாரப்பன். "இன்னொருக்கா மொதல்ல இருந்து திட்டு."